படம் ஒன்று, இடாப்பு வேறு

கடந்த ஆண்டு மாரி காலத்தில் எமது ஆலோசனை நிலையத்திற்கு ஒரு கடிதம் வந்தது. எமக்குச் சிறு தொகை நிதியுதவி செய்துவரும் அறக்கட்டளை ஒன்று அதனை அனுப்பியிருந்தது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை நாம் எழுதியனுப்பும் நீண்ட அறிக்கை இனித் தேவையில்லை என்றும், எத்தனை பேர் வந்தனர், எதற்காக வந்தனர், என்ன பயன் பெற்றனர் என்பவற்றை ஒரு ‘டாஷ்போட்’ மூலம் காட்டினாற் போதும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது.

“டாஷ்போட் எண்டால் காரிலை ஸ்ரேறிங்குக்கு முன்னாலை இருக்கிறதெல்லோ?” என்று எமது பொருளாளர் கேட்டார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆயினும் அவர் சொன்னதில் பிழையேதும் இல்லை. வண்டி என்ன வேகத்தில் ஓடுகின்றது, எரிபொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பதைச் சாரதி ஒரே பார்வையில் அறிந்துகொள்வதற்காக முன்னால் வைக்கப்பட்ட பலகையின் பெயர்தான் அது. ஒரு நிறுவனத்தின் கணக்குகளை அவ்வாறே ஒரே திரையில், நிரல்களாகவும் வட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைந்து காட்டுவதற்கும் அதே பெயர் வந்துவிட்டது. இதனைச் செய்து தரும் கணனி மென்பொருள்கள் இன்று பல உள்ளன. எதைத் தெரிவு செய்வது என்ற கேள்வி அன்று எம்முன் வந்து நின்றது.

இக்கேள்வி பெரிய கம்பனிகளுக்கு உரியது, எமக்கென்ன என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். கலைப் பட்டதாரியாகிய எனக்கும் இந்த இயந்திரங்களுக்கும் உள்ள உறவு, தமிழ்ப் பாடசாலைக்குப் பரீட்சைத் தாள் தட்டச்சுச் செய்வதோடு முடிந்துவிடுவது. ஆனால் இன்று நகரசபை, வைத்தியசாலை, பிள்ளைகளின் பாடசாலை, வீடமைப்புச் சங்கம், குடிவரவுத் திணைக்களம் என்று எங்கெல்லாம் எமது குடும்பங்களின் பெயர்கள் பதியப்பட்டிருக்கின்றனவோ, அங்கெல்லாம் அப்பெயர்களுக்கு மேலே இத்தகைய பலகை ஒன்று கட்டப்பட்டிருக்கின்றது. அதனை யார் பார்க்கின்றார்கள், எவ்வளவு தூரம் உள்ளே பார்க்கின்றார்கள் என்பது அகதிகளாக வந்த எமக்குச் சின்ன விடயமன்று.

எண்களைப் படமாக்கும் கலை புதியதும் அன்று. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேபெயர் என்பவர் 1786இல் வெளியிட்ட நூலில் நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதிகளைக் கோடுகளாகவும் நிரல்களாகவும் வரைந்து காட்டினார். வட்டத்தைத் துண்டுகளாகப் பிரிக்கும் முறையும் 1801இல் அவரிடமிருந்தே வந்தது. வணிக நுண்ணறிவு என்று நாம் தமிழாக்கக்கூடிய சொற்றொடரை, ஐ.பீ.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீற்றர் லூன் 1958இல் ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக இட்டார். இன்றைய மென்பொருள்கள் புதிதாகச் செய்தது விரைவு மட்டுமே. நாம் ஒரு நாள் முழுவதும் அடிமட்டமும் பென்சிலும் கொண்டு வரைந்த வரவு வரைபடத்தை அவை ஒரு விநாடியில் வரைகின்றன.

எமது தமிழ்ப் பாடசாலையில் முன்னர் படித்து, இப்பொழுது கணனித் துறையில் வேலை செய்யும் மூன்று இளைஞர்கள் உதவிக்கு வந்தனர். ஒருவர் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் பவர் பீ.ஐ. என்பதைக் கையாள்பவர். அது 2015 யூலையில் பொதுப் பாவனைக்கு வந்தது. இன்னொருவருக்குப் பழக்கமானது ரப்லோ. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்விலிருந்து பிறந்து, 2003இல் கம்பனியாகி, 2019இல் சேல்ஸ்போர்ஸ் என்ற பெரிய நிறுவனத்தால் வாங்கப்பட்டது அது. மூன்றாமவரான பிள்ளை, கூகிள் நிறுவனம் 2016இல் டேற்றா ஸ்ரூடியோ என்ற பெயரில் வெளியிட்டு 2022இல் லூக்கர் ஸ்ரூடியோ என்று பெயர் சூட்டிய கருவியைக் கொண்டு வந்தார். கூகிள் விலைக்கு வாங்கிய லூக்கர் என்ற வேறொரு கருவியும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பெயர் வைப்பவர்கள் எம்மைப் போன்றோரைக் குழப்புவதற்கென்றே வைக்கின்றனர் போலும்.

எமது நிலையத்தின் இடாப்பு ஓர் எக்செல் தாளில் இருந்தது. அதனை அப்படியே மூவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி வைத்தேன். அனுப்பியவன் நானே என்பதை இங்கு ஒப்புக்கொள்கின்றேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், மண்டபத்தின் பின்னறைச் சுவரில் வெளிச்சம் பாய்ச்சி மூவரும் தத்தம் பலகையைக் காட்டினர். என்ன சொல்வது! மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போலிருந்தன. ஒன்றில் நீலம், ஒன்றில் செம்மஞ்சள், அவ்வளவே வேற்றுமை. மாதவாரியாக வந்தோர் தொகை, எதற்காக வந்தனர் என்பதற்கு நிரல் வரைபடம், எப்பகுதியிலிருந்து வந்தனர் என்பதற்கு லண்டன் வரைபடம். தலைவராக இருக்கும் அக்கா, “எல்லாம் ஒண்டுதானே, மலிவானதை எடுப்பம்” என்றார். அத்துடன் கூட்டம் முடிந்திருக்கும்.

அப்பொழுது அவ்விளைஞர்களுள் ஒருவர் உற்சாகத்துடன், “இன்னுமொண்டு காட்டுறன் மாஸ்ரர். இந்த இடத்திலை பகுதியை அழுத்தினால் அந்தப் பகுதி ஆக்கள் மட்டும் வருவினம்” என்று அழுத்தினார். நிரல்கள் சுருங்கின. “இனி வயதை அழுத்துறன்.” இன்னும் சுருங்கின. “இனி என்னத்துக்கு வந்தவை எண்டதையும் அழுத்துவம்.” சித்திரவதை தொடர்பான மருத்துவக் கடிதம் என்ற சொற்களின் மேல் அவர் கை போயிற்று. சுவரில் மற்றெல்லாம் மறைந்து, பெரிய எழுத்தில் 1 என்ற இலக்கம் மட்டும் நின்றது.

அறையிலிருந்த பெரியவர்கள் எவரும் பேசவில்லை. அந்த ஒன்று யார் என்பது எமக்குத் தெரியும். அப்பகுதியில், அவ்வயதில், அக்கடிதத்திற்காக வந்தவர் ஒருவர்தாம். அவர் எமக்கு வாய்விட்டுச் சொன்னதை அவருடைய சொந்தத் தமக்கைக்கே சொல்லியிருக்கவில்லை.

“தம்பி, அதை மூடு” என்றார் அக்கா.

“பெயர் ஒண்டும் தெரியேல்லைத்தானே அன்ரி” என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

நான் கேட்டேன்: “இதை இப்ப வேறை ஆர் பாக்கலாம்?”

“லிங் இருக்கிற எல்லாரும் பாக்கலாம் மாஸ்ரர். உங்களுக்கு லேசாய் இருக்கட்டும் எண்டு அப்பிடி விட்டனான்.”

அன்றிரவே அது அழிக்கப்பட்டது. அது எந்த நிறுவனத்தின் கருவி என்பதை நான் எழுதப் போவதில்லை. பிழை கருவியினுடையது அன்று. பெயர்களோடு தாளை அனுப்பிய என்னுடையது. மூன்று கருவிகளிலும் அதே மூன்று அழுத்தல்களை எவரும் செய்யலாம்.

இடாப்பு என்ற சொல் எமக்கு இரண்டு நினைவுகளைத் தருவது. ஒன்று, காலையில் வகுப்பிற்குட் புகுந்ததும் நாம் திறந்த வரவு இடாப்பு. மற்றது வாக்காளர் இடாப்பு. 1983 யூலையில் கொழும்பில் தமிழருடைய வீடுகளையும் கடைகளையும் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன என்பது பலராலும் பதியப்பட்ட செய்தி. அப்போது நான் யாழ்ப்பாணத்தில் பாடசாலை மாணவன். கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்த எனது சிறிய தாயார், எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “கடுதாசியைப் பாத்து நம்பரைச் சரிபாத்தவங்கள்” என்பது அவருடைய வார்த்தை. தேர்தலுக்காக எழுதப்பட்ட கடுதாசி அது. எழுதியவர்கள் எவரும் தீமை எண்ணி எழுதியிருக்க மாட்டார்கள்.

அது அந்தக் காலம், அந்த நாடு என்று ஆறுதல் கொள்வதற்கும் இல்லை. 2014 பெப்ரவரியில் அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம் தனது இணையத்தளத்தில் ஒரு புள்ளிவிபர அறிக்கையை வெளியிட்டது. அதில் எவருடைய பெயரும் இல்லை. வரைபடங்களும் அட்டவணைகளுமே இருந்தன. ஆனால் அவ்வரைபடங்கள் எந்தத் தரவுகளிலிருந்து வரையப்பட்டனவோ அத்தரவுகளும் அந்த வேர்ட் கோப்பினுள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. தடுப்பில் வைக்கப்பட்டிருந்தோர் உட்பட ஏறத்தாழ 10,000 பேரின் விபரங்கள் அவ்வாறு வெளியே போயின. தாம் எவரிடமிருந்து தப்பி ஓடினரோ அவர்களே இதனைப் படித்திருக்கலாம் என்ற அச்சம் அவர்களுக்கு எழுந்தது இயல்பே. பிரித்தானியாவிலும் 2022 பெப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சிலிருந்து ஒரு தாள் தவறுதலாக வெளியே அனுப்பப்பட்டது. தலிபான்களுக்கு அஞ்சிப் பிரித்தானியாவிடம் புகலிடம் கோரி விண்ணப்பித்த ஏறத்தாழ 19,000 ஆப்கானியரின் விபரங்கள் அதில் இருந்தன. 2025 யூலையில் நீதிமன்றத் தடை நீக்கப்படும்வரை அச்செய்தியைப் பத்திரிகைகள் எழுதவும் முடியவில்லை.

இவ்விரண்டையும் படித்தபின் எமது கேள்வி மாறிவிட்டது. எந்தக் கருவி அழகாக வரைகின்றது என்பதை விட்டு, படத்திற்குப் பின்னால் எத்தனை கதவுகள் உள்ளன, அவற்றின் திறப்பு யார் கையில் என்று கேட்கத் தொடங்கினோம். அப்படிக் கேட்டபோதுதான் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் வேறு வேறு முகம் காட்டின.

கதவுகளும் திறப்புகளும்

பவர் பீ.ஐ.யில் ‘டெஸ்க்ரொப்’ என்ற பகுதி இலவசம். உங்கள் சொந்தக் கணனியிலேயே இருந்து வேலை செய்யும். விண்டோஸ் கணனி வேண்டும்; அப்பிள் கணனியில் அது நேரடியாக இயங்காது. நீங்கள் சேமிக்கும் கோப்பினுள், பொதுவாக, தரவு முழுவதும் சேர்ந்தே இருக்கும். எனவே அக்கோப்பை ஒருவருக்கு அனுப்புவது படத்தை அனுப்புவதன்று, இடாப்பையே அனுப்புவது. அதனை இணையத்தில் ஏற்றினால், யார் யார் பார்க்கலாம் என்று ஆளாளாகக் குறிக்கலாம். ஆனால் அங்கேயே ‘இணையத்தில் வெளியிடு’ என்ற இன்னொரு வழியும் உண்டு. அதன் வழியே போனால் உலகத்திலுள்ள எவரும் கடவுச்சொல் இன்றிப் பார்க்கலாம். கூட்டுத்தொகை மட்டும் காட்டப்பட்டிருந்தாலும் அதன் கீழேயுள்ள தனித்தனி விபரங்களும் எட்டக்கூடும் என்று மைக்ரோசொவ்ற் நிறுவனமே தனது கையேட்டில் எச்சரிக்கின்றது. கையேட்டை யார் படிக்கின்றார்கள்?

ரப்லோவிற் பணம் கொடுத்துப் பெறும் வகைகளும், 2010 முதல் இலவசமாகக் கிடைக்கும் ‘ரப்லோ பப்ளிக்’ என்பதும் உள்ளன. பின்னதன் பெயரிலேயே அதன் குணம் இருக்கின்றது. அத்தளத்தில் வெளியிடப்படுவது ஊருக்குப் பொதுவானது. தேர்தல் முடிவுகள், மழைவீழ்ச்சி, உதைபந்தாட்டப் புள்ளிகள் போன்ற பொதுத் தரவுகளை வரைந்து பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வேலை தேடும் பிள்ளைகள் தமது திறமையைக் காட்டவும் அது உதவும். ஆனால் ஒரு சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலுக்கோ, கோயில் நன்கொடையாளர் பட்டியலுக்கோ அது இடமன்று. இலவசம் என்றவுடன் அதிலே கொண்டுபோய் ஏற்றுவோர் எம்மிடையே இருக்கக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கின்றேன்.

லூக்கர் ஸ்ரூடியோ இணையத்திலேயே இயங்குவது. எந்தக் கணனியிலும் திறக்கலாம். அடிப்படைப் பாவனைக்குப் பணம் இல்லை. கற்றுக்கொள்வதற்கு மூன்றிலும் இலகுவானது அதுவே என்று எனக்குத் தோன்றியது. அதன் கதவு வேறு விதமானது. பலகையைச் செய்தவர் தனது அனுமதியைக் கொண்டு தரவைத் திறந்துவிட்டால், அத்தரவுத் தாளைப் பார்க்க உரிமையற்ற ஒருவரும் பலகையூடாக அதனைக் காணலாம். வீட்டுக்காரரின் திறப்பை எடுத்துக்கொண்டு விருந்தாளி உள்ளே வருவது போன்றது இது. பார்ப்பவர் தனது சொந்த அனுமதியுடன்தான் வரவேண்டும் என்று மாற்றி அமைக்கவும் இடமுண்டு. மாற்ற வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

பொருளாளர் நாலாவது வழியொன்றையும் கேள்விப்பட்டு வந்திருந்தார். மெற்றாபேஸ், சுப்பர்செற் என்பன மூலநிரல் திறந்த மென்பொருள்கள். சுப்பர்செற் 2015இல் எயார்பீஎன்பீ நிறுவனத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் அப்பாச்சி அமைப்பிடம் சென்றது. இரண்டையும் இலவசமாக இறக்கி எமது சொந்தக் கணனியிலேயே நிறுவலாம். தரவு எந்தப் பெரிய கம்பனியின் வாசலையும் மிதிக்கத் தேவையில்லை. கேட்பதற்கு இதைவிட நல்லது வேறில்லை. எனக்கும் ஆசை வந்தது. ஆனால் தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழி இந்த இடத்திற் பொருந்தாது. 2023 யூலையில் மெற்றாபேஸில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் வெளியார் உட்புகுந்து கணனியைத் தம் கட்டுப்பாட்டிற் கொண்டுவரக்கூடிய ஓட்டை அது. திருத்தம் உடனடியாக வெளியிடப்பட்டது. ஆனால் அதனை அவரவரே தத்தம் கணனியில் நிறுவ வேண்டியிருந்தது. எமது நிலையத்தில் அச்செய்தியை யார் கேள்விப்பட்டிருப்பார்? ஓகஸ்ட் மாதம் தேர்த் திருவிழா என்று எல்லோரும் ஓடித்திரியும் வேளையில் யார் அதனைச் செய்திருப்பார்? முழுநேரக் கணனிப் பணியாளர் உள்ள நிறுவனத்திற்கு இவை பொருந்தும். தொண்டர்களால் ஓடும் சங்கத்திற்குப் பொருந்தா என்பது எனது முடிபு.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். பவர் பீ.ஐ. ‘புரோ’ அனுமதி 2025 ஏப்பிரலில் ஒருவருக்கு மாதம் 10 டொலரிலிருந்து 14 டொலராக உயர்ந்தது. செய்பவருக்கு மட்டுமன்றிப் பார்ப்பவருக்கும் அது வேண்டும். எமது குழுவில் பன்னிரண்டு பேர். ஆண்டுக்கு 2,016 டொலர். ரப்லோவில் 2025ஆம் ஆண்டு விலைப்படி செய்பவருக்கு மாதம் 75, பார்ப்பவருக்கு 15. ஒருவர் செய்து பதினொருவர் பார்த்தால் ஆண்டுக்கு 2,880. அறநிறுவனங்களுக்குச் சலுகைகள் உள்ளன, கேட்டுப் பெறவேண்டும். ஆயினும் இவ்விலைகள் ‘பார்க்கும் கண்களின்’ தொகைக்கு ஏற்ப ஏறுவன என்பதைக் கவனிக்க. இக்காசு தரும் தொல்லையிலிருந்து தப்புவதற்காகத்தான் பல சங்கங்கள் ஒரே கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்துவிடுகின்றன, அல்லது ‘லிங் உள்ள எவரும்’ என்று திறந்துவிடுகின்றன. மலிவைத் தேடும்போது கதவு தானாகவே திறபடுகின்றது.

எந்தக் கருவியாலும் தீர்க்க முடியாத ஒரு சிக்கலும் எமக்குண்டு. அது எம்முடைய பெயர். மூன்று பிள்ளைகளும் காட்டிய பலகைகளில் ‘வந்தோர் தொகை’ ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. காரணம் தேடினோம். ஒன்று வருகைகளை எண்ணியிருந்தது. இன்னொன்று ஆட்களை எண்ணியிருந்தது. ஆட்களை எண்ணியதிலும் பிழை. தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக ஒருமுறை, மாறி ஒருமுறை. கடவுச்சீட்டில் ஓர் எழுத்துக்கூட்டல், குடிவரவுத் திணைக்களக் கடிதத்தில் இன்னொன்று, வைத்தியரிடம் வேறொன்று. ஆங்கிலத்தில் ஒரு எச் எழுத்துக் கூடினாலோ குறைந்தாலோ கணனிக்கு அவர் வேறோர் ஆள். இவ்வாறு ஒரு மனிதர் மூன்று மனிதராக எமது தாளில் நடமாடினார். விலையுயர்ந்த மென்பொருள் அம்மூவரையும் மூன்று அழகான நிறங்களிற் காட்டிற்று. நானும் அக்காவும் இரண்டு கிழமைகள் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தொடரிலக்கம் இட்டு, இடாப்பை முதலிலிருந்து சீர்செய்தோம். இந்த முழு முயற்சியிலும் உண்மையான வேலை அதுவே. திரையில் அது தெரியாது.

எண்களை எப்படி மறைப்பது என்பதும் ஒரு கணக்குப் பாடந்தான். பிரித்தானியாவில் வெளியிடப்படும் பல புள்ளிவிபரங்களில் மிகச் சிறிய எண்களை, ஐந்துக்குக் குறைந்தவற்றை, காட்டாது விடுவது பரவலான வழக்கம். நாமும் அதனையே பின்பற்ற எண்ணினோம். ஆனால் ஒரு நிரையில் ஒரேயொரு கட்டத்தை மட்டும் மறைத்து, மொத்தத்தைக் காட்டினால், நாலாம் வகுப்புப் பிள்ளைகூடக் கழித்துப் பார்த்து அதனைக் கண்டுபிடித்துவிடும். ஆகவே இரண்டு கட்டங்களையாவது மறைக்கவேண்டும்; அல்லது சிறிய பகுதிகளைச் சேர்த்து ஒன்றாக்கவேண்டும். இதனை அவ்விளைஞர்களுக்கு விளக்கியபோது, நெடுங்காலத்தின் பின் வெண்கட்டி பிடித்த மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

இடையில், பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கே பதில் சொல்லிவிடலாம். “பிள்ளை பவர் பீ.ஐ. படிக்கிறதோ, ரப்லோ படிக்கிறதோ? எதுக்கு வேலை கூட?” என்பது அது. மூன்று இளைஞர்களும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். முதலில் எஸ்.கியூ.எல். எனப்படும் தரவு வினவல் மொழியைப் படிக்கட்டும். அது எல்லா இடத்திலும் ஒன்று. பின்பு பவர் பீ.ஐ.யின் கணக்கு மொழியாகிய டாக்ஸ் என்பதோ, ரப்லோவின் இழுத்து வைக்கும் முறையோ சில மாதங்களிற் பிடிபடும். மைக்ரோசொவ்ற் மென்பொருள்களை ஏற்கனவே வாங்கியிருக்கும் அலுவலகங்கள் பவர் பீ.ஐ.யை நாடுவது இயல்பு. ஆயிரக்கணக்கான பவுண்கள் கட்டி ஒரு கருவிக்கு மட்டும் சான்றிதழ் தரும் வகுப்புகளுக்கு அவசரப்பட்டுச் சேரவேண்டாம். டெஸ்க்ரொப்பும் ரப்லோ பப்ளிக்கும் வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கும்போது, முதலில் பிள்ளை ஒரு மாதம் தானாகப் பழகிப் பார்க்கட்டும்.

இனி நாம் என்ன செய்தோம் என்பது. இடாப்பைப் பலகையிலிருந்து பிரித்துவிட்டோம். பெயர், முகவரி, குடிவரவு இலக்கம், மருத்துவ விபரம் அனைத்தும் ஒரு கணனியில், பூட்டிய கோப்பாக இருக்கின்றன. அதன் திறப்பு இருவரிடம் மட்டும் உள்ளது. அவ்விருவரில் நான் இல்லை. மாதமுடிவில் அக்கோப்பிலிருந்து எண்கள் மட்டும் ஒரு சிறு தாளுக்குப் பெயர்த்தெழுதப்படும். ஐந்துக்குக் குறைந்தவை மறைக்கப்பட்டும் சேர்க்கப்பட்டும் இருக்கும். வயதும் பகுதியும் காரணமும் ஒரே அட்டவணையில் ஒருபோதும் சேர்ந்து வரா. அந்தச் சிறு தாள்தான் கருவிக்குக் கொடுக்கப்படும். அதனைத் திருடிச் சென்றாலும் திருடனுக்குக் கிடைப்பது நாம் எப்படியும் அறக்கட்டளைக்குச் சொல்லப்போகும் எண்களே.

இந்த நிலைக்கு வந்தபின் எந்தக் கருவி என்ற கேள்வி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நிலையத்தில் விண்டோஸ் கணனி ஏற்கனவே இருந்ததால் பவர் பீ.ஐ. டெஸ்க்ரொப்பை எடுத்தோம். இணையத்தில் ஏற்றுவதில்லை. படத்தைப் பீ.டீ.எவ். ஆக்கி அறக்கட்டளைக்கு அனுப்புகின்றோம். பார்ப்பவருக்கு அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆண்டுச் செலவு பூச்சியம். நிலையத்தில் அப்பிள் கணனி மட்டும் இருந்திருந்தால், அதே சிறு தாளைக் கொண்டு லூக்கர் ஸ்ரூடியோவில் செய்திருப்போம், அதுவும் நன்றே. பத்துக் கிளைகளும் தனிக் கணனிப் பிரிவும் உள்ள பெரிய நிறுவனம் ஒன்றிற்கு எமது வழி போதாது என்பதையும் சொல்லவேண்டும். ஆளுக்கு ஆள் வேறு வேறு பகுதி தெரியும்படி அமைப்பதற்கு அவர்கள் பணம் கொடுத்தே ஆகவேண்டும்.

உங்கள் பெயர் பதியப்பட்டுள்ள இடங்களில் நீங்கள் கேட்கக்கூடியதும் ஒன்றுண்டு. பிரித்தானியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் உங்களைப் பற்றி வைத்திருக்கும் விபரங்களின் பிரதியைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உள்ளது. பொதுவாக ஒரு மாதத்திற்குள் பதில் தரவேண்டும், கட்டணம் இல்லை. இனம், சமயம், உடல்நலம், அரசியற் கருத்து என்பன விசேட பாதுகாப்புப் பெற்ற விபரங்கள். ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினாற் போதும். எமது நிலையத்தில் எழுதித் தருவார்கள். எமது நிலையத்திடமே கேட்பதானாலும் எழுதித் தருவார்கள்.

முதலாவது பலகை தை மாதம் போயிற்று. சில நாட்களில் அறக்கட்டளையிலிருந்து பதில் வந்தது. படங்கள் தெளிவாக உள்ளன, நன்றி. ஆனால் இரண்டு கட்டங்களில் ஏன் எண்ணுக்குப் பதிலாகக் கோடு இடப்பட்டிருக்கின்றது, விடுபட்டுப் போயிற்றா என்று கேட்டிருந்தார்கள். காரணத்தை நான் ஒரு பக்கத்தில் எழுதினேன். அக்கா அதனை நாலு வரியாக வெட்டி அனுப்பினார். புரட்டாதியில் அந்த இளைஞர் வேலை மாறி மன்செஸ்ரருக்குப் போகின்றார். அதற்கு முன் ஒவ்வொரு சனியும் வந்து எனக்கும் பொருளாளருக்கும் மாதத் தாளைச் செய்யப் பழக்குகின்றார். பொருளாளர் என்னைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டார்.